19 பேருக்கு ஒரே வாய்

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் ஒரு கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். இந்த ஜூலையில் கவுன்டியின் சிவில் கிராண்ட் ஜூரியில், அதாவது உள்ளூர் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுவில், உறுப்பினராகப் பதவியேற்றேன். ஓர் அரசு அமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். (இங்கே சில பத்திகள் நீக்கப்பட்டுள்ளன.) எங்களால் எதுவரை தோண்ட முடியும்? ஆவணம் தர இழுத்தடித்தால் என்ன செய்வது? தனியார் ஒப்பந்ததாரரின் கணக்கைப் பார்க்கலாமா? தவறு செய்தவரின் பெயரை அறிக்கையில் போடலாமா? பெரும்பான்மையோடு உடன்படாதவர்கள் தனி அறிக்கை கொடுக்க முடியுமா? சாட்சியங்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டால் மக்களே தீர்ப்பளிப்பார்களே? எங்கள் பரிந்துரையைக் கண்டுகொள்ளாமல் விட்டால்? இதுவும் நம் ஊர் விசாரணைக் கமிஷன் மாதிரிதானா? பதவிக்காலம் முடிந்ததும் இதைப் பற்றி எழுதலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள ஐயா,

வயதில் மூத்தவரைக் கண்டித்துக்கொண்டு பதிலைத் தொடங்குவது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் வேறு வழியில்லை. எந்த ஊர், எந்த அலுவலகம், சாட்சி என்ன சொன்னார், அறைக்குள் யார் எப்படி வாக்களித்தார் என்பதையெல்லாம் ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 924.1 பிரிவு இதைத்தான் தடுக்கிறது. ஜூரி முன் வந்த சாட்சியத்தையோ, உறுப்பினர்கள் பேசியதையோ, வாக்களித்த விதத்தையோ நீதிமன்றம் கேட்காமல் வேண்டுமென்றே வெளியே சொல்லும் ஜூரர் குற்றம் செய்கிறார். சிறு குற்றம் என்ற வகைதான், ஆனால் குற்றம். விஷயம் என்னவென்று புரிந்ததும் அந்தப் பத்திகளைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். இதழில் வேறு எவருக்கும் காட்டவில்லை. உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, பிறகு ஜூரித் தலைவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். பிறர் மூலம் தெரியவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஜூரியின் சட்டச் சந்தேகங்களை ஜூரியாகச் சேர்ந்து கேட்பதற்கு 934-ஆம் பிரிவு வாசல் திறந்து வைத்திருக்கிறது. நீதிமன்றத்திடம் கேட்கலாம், கவுன்டியின் அரசு வழக்கறிஞரான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியிடம் கேட்கலாம், கவுன்டியின் சட்ட ஆலோசகரிடமும் கேட்கலாம். என்னிடம் கேட்டால் பொதுவான விளக்கம் மட்டுமே கிடைக்கும். கீழே வரும் உதாரணங்கள் எதுவும் உங்கள் விசாரணையைப் பற்றியவை அல்ல. உங்கள் கவுன்டி எதுவென்பதையும் வேண்டுமென்றேதான் எடுத்துவிட்டேன். ஜூரியில் இருக்கும் 19 பேரில் தமிழ் பேசும் ஓய்வுபெற்ற பொறியாளர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பது புரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சட்டத்தின் கண்ணில் கிராண்ட் ஜூரி ஒரே அமைப்பு. அது வாய் திறப்பது ஓர் இடத்தில் மட்டும்: போதிய வாக்குகளோடு, நீதிபதி வழியாக வெளிவரும் அறிக்கையில். பெரும்பாலான கவுன்டிகளில் உறுப்பினர்கள் 19 பேர், தேவையான வாக்கு 12. லாஸ் ஏஞ்சலஸில் 23 பேர், 14 வாக்கு. அந்தக் காகிதத்துக்கு வெளியே ஜூரர் எவருக்கும் ஜூரியின் குரல் கிடையாது.

‘கிராண்ட் ஜூரி’ என்றதும் குற்றப்பத்திரிகையும் கொலை வழக்கும்தான் நினைவுக்கு வரும். கூட்டாட்சி நீதிமன்றங்களில் அது சரி. ஆனால் மாநிலங்கள் கிராண்ட் ஜூரி இல்லாமலேயே ஒருவர்மீது வழக்குத் தொடரலாம் என்று 1884-ல் ஹுர்ட்டாடோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் கலிஃபோர்னியாவிலிருந்து போன வழக்குதான். இன்று இங்கே பெரும்பாலான குற்ற வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியின் புகார் வழியாகவே போகின்றன. ஆனால் ஒவ்வொரு கவுன்டியிலும் ஆண்டுக்கு ஒரு கிராண்ட் ஜூரியாவது கூட வேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. அந்த ஜூரிக்கு மிஞ்சிய பெரிய வேலை உள்ளூர் நிர்வாகத்தைக் கண்காணிப்பது. சட்டம் வைத்த குறைந்தபட்சப் படி நாளுக்கு 15 டாலர். பணத்துக்காக எவரும் வந்து உட்காரும் நாற்காலி அல்ல.

எதுவரை தோண்டலாம்? கவுன்டி அலுவலகங்கள், கவுன்டிக்குள் இருக்கும் நகராட்சிகள், தண்ணீர், தீயணைப்பு, துப்புரவு போன்ற தேவைகளுக்காக வரி வசூலிக்கும் சிறப்பு மாவட்டங்கள் ஆகியவற்றின் கணக்கு, ஆவணம், வேலை நடக்கும் முறை எல்லாம் உங்கள் எல்லைக்குள் வரும். கவுன்டிக்குள் இருக்கும் பொதுச் சிறைகளின் நிலையை ஆராய்வது கட்டாயக் கடமை. ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவும் தரும் டிஎம்வி அலுவலகத்தில் வரிசை நீளம் என்று உங்களுக்கு ஆயிரம் புகார் வரலாம். அது மாநிலத் துறை, கை வைக்க முடியாது. கூட்டாட்சி அலுவலகங்களும் அப்படியே. உங்களுக்குப் பிரமாணம் செய்துவைத்த நீதிமன்றத்தையும் நீங்கள் ஆராய முடியாது.

இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று ஒரு தொடக்கப் பள்ளியை மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரே கொதிக்கிறது. ஜூரிக்குப் புகார்கள் குவிகின்றன. ‘இந்தப் பள்ளியை மூடியது தவறு’ என்று நீங்கள் எழுதலாமா? கூடாது. பள்ளி மாவட்டத்தின் கொள்கை முடிவு நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சிக்குள் கிராண்ட் ஜூரி போக முடியாது, நடைமுறையை மட்டுமே பார்க்கலாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 1995-ல் கருத்துரை கொடுத்திருக்கிறார். கொள்கைக்குக் கணக்குக் கேட்க வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடைமுறை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை, உள்ளாட்சிக் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்னும் பிரவுன் சட்டம் சொல்கிறபடி 72 மணி நேரம் முன்னதாக ஒட்டினார்களா? மாணவர் எண்ணிக்கைக் கணிப்பை யார் தயாரித்தார்? அந்த ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? கூட்டத்தில் காட்டிய எண்ணும் கோப்பில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா? இவற்றுக்கு ஆவணத்தோடு விடை எழுதினால் போதும். முடிவு தவறா சரியா என்பதை வாசிப்பவர் தாமே கண்டுகொள்வார்.

இதே உதாரணத்தில், ஜூரர் ஒருவரின் மருமகள் அந்தப் பள்ளி மாவட்டத்தில் ஆசிரியையாக இருந்தால்? 916.2 பிரிவு ஜூரரின் சொந்த வேலையைப் பற்றியது: அந்த அமைப்பில் இப்போது வேலை செய்பவரோ, கடந்த 3 ஆண்டுக்குள் வேலை செய்தவரோ, விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் விலகி நிற்க வேண்டும். உறவினர் விஷயத்தை அந்தந்த ஜூரியின் உள்விதிகளில் பார்க்க வேண்டும். உள்விதி எதுவும் சொல்லாவிட்டாலும் விலகிவிடுங்கள் என்றே சொல்வேன். அறிக்கை வந்த மறுநாள் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இப்படிப்பட்ட இடுக்கைத்தான்.

ஆவணம். கவுன்டிக்குள் இருக்கும் பொது ஆவணங்களைக் கட்டணமில்லாமல் பார்க்க 921-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை கொடுக்கிறது. இழுத்தடித்தால் சம்மன். ஆனால் ஜூரி தானே சம்மன் அனுப்பிவிட முடியாது. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியோ, ஜூரி கேட்டுக்கொண்டால் கவுன்டியின் சுப்பீரியர் நீதிமன்ற நீதிபதியோ பிறப்பிக்க வேண்டும். அதையும் மீறுபவரைத் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துடையது. நகராட்சி தன் வழக்கறிஞரோடு நடத்திய அந்தரங்கக் கடிதப் போக்குவரத்து உங்களுக்குக் கிடைக்காது. அதற்காக மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பொத்தாம்பொதுவாக எல்லாக் கோப்பையும் கொண்டுவா என்பதும் ஆபத்து. 1968-ல் லீச் வழக்கில், கலவேரஸ் பகுதியின் பள்ளி மாவட்டம் ஒன்றின் பணியாளர் கோப்புகளைக் கேட்டது கிராண்ட் ஜூரி. கண்காணிப்பு அதிகாரம் சட்டத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும்தான், இருப்பதாக ஊகித்துக்கொள்ள முடியாது என்ற நிலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்தது. பிற்பாடு சட்டம் பல அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் அந்த அடிப்படை அப்படியே நிற்கிறது. கோரிக்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறோம் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். பாதி அலுவலகங்கள் அதைப் பார்த்ததும் கோப்பை எடுத்துவிடும்.

ஒப்பந்ததாரர் விஷயம் சுருக்கமானது. நிறுவனத்தின் சொந்தக் கணக்குப் புத்தகம் உங்களுடையதல்ல. ஒப்பந்தம், பில், பணம் கொடுத்த ஆணை, வேலையைச் சரிபார்த்த குறிப்பு எல்லாம் நகராட்சியின் கோப்பில் இருக்கும். அங்கிருந்து பாருங்கள். நிறுவனத்துக்காரரைச் சாட்சியாக அழைக்கவும் வழியுண்டு. அரசு அமைப்பே உருவாக்கிய, அல்லது அரசுக்காக நடத்தப்படும் லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் மட்டும் 933.6 பிரிவு அதையும் உங்கள் எல்லைக்குள் கொண்டுவருகிறது.

இனி நீங்கள் அதிகம் துடிக்கும் கேள்வி: பெயர் போடலாமா?

அறைக்குள் நீங்கள் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் எவரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது, 924.3 அந்தக் கவசத்தைக் கொடுக்கிறது. ஆனால் அறிக்கைக்கு அந்தக் கவசம் இல்லை. ஜூரியால் குற்றம் சாட்டப்படாத ஒருவரைப் பற்றி அறிக்கையில் கருத்துச் சொன்னால், அந்தக் கருத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று 930-ஆம் பிரிவு பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. அவதூறு வழக்கு வந்தால் ‘கிராண்ட் ஜூரி எழுதியது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால்தான் இந்த அறிக்கைகள் ‘பொதுப்பணி இயக்குநர்’, ‘நிதிப் பிரிவு’ என்று பதவியையும் துறையையும் பேசுகின்றன. எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் எதிர்வாதம் செய்ய மேடை இல்லாத இடத்தில் ஒருவர்மீது சேற்றை வாரிப் பூசுவது நியாயமல்ல.

உண்மையிலேயே ஓர் அதிகாரி ஊழல் செய்தார் என்று ஆதாரம் கையில் இருந்தால், அறிக்கை அதற்கான இடமே அல்ல. அரசு நிர்வாகச் சட்டத்தின் 3060-ஆம் பிரிவில் ‘குற்றச்சாட்டு’ என்று தனிப் பாதை இருக்கிறது. 19 பேரில் 12 பேர் ஒப்புக்கொண்டால், பதவியிலிருந்து நீக்கக் கோரும் ஆவணம் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வேறொரு ஜூரி முன் வழக்கு நடக்கும். நிரூபணமானால் தண்டனை பதவிநீக்கம். அபூர்வமான ஆயுதம். ஆனால் துருப்பிடித்துவிடவில்லை. 2021 டிசம்பரில் சான்டா கிளாரா கவுன்டி சிவில் கிராண்ட் ஜூரி, 1998-லிருந்து தேர்தலில் வென்றுவந்த ஷெரிஃப் லாரி ஸ்மித்மீது அதைத்தான் தொடுத்தது. துப்பாக்கி உரிமம் கொடுப்பதில் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார், ஹாக்கி ஆட்டத்தின் சொகுசு அறையைப் பயன்படுத்தியதை மறைத்தார் என்பவை அதில் இருந்தன. விசாரணை ஜூரி தீர்ப்பை ஆலோசித்துக்கொண்டிருக்கும்போதே, 2022 அக்டோபர் 31 அன்று அவர் பதவி விலகினார். சில நாளில் வந்த தீர்ப்பு அவருக்கு எதிராக இருந்தது.

தனி அறிக்கை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கெர்ன் கவுன்டியில் 1987-88 ஜூரியின் சிறுபான்மை உறுப்பினர்கள் அதற்காக நீதிமன்றம் வரை போனார்கள். சிறுபான்மை அறிக்கை என்ற ஒன்றுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1989-ல் தீர்ப்பானது. உடன்படாதவர் செய்யக்கூடியது வாக்கெடுப்புக்கு முன் வாதாடுவது. வரைவில் ஆதாரமில்லாத வரி எது என்று விரல் வைத்துக் காட்டினால், அந்த வரியாவது போகும். முடிவு ஒவ்வொன்றுக்கும் ஆவண ஆதாரம் வேண்டும்; நேர்காணலை ஆதாரமாகக் காட்டினால், குறைந்தது இரண்டு ஜூரர்கள் அதில் இருந்திருக்க வேண்டும் என்பது 916-ஆம் பிரிவு. போன ஆண்டு ஜூரி சொன்னதை அப்படியே எடுத்துப் போடவும் முடியாது. 939.9 பிரிவின்படி, நீங்களே ஆராய்ந்து பார்த்துத்தான் அதை உங்களுடையதாக்க வேண்டும்.

சாட்சியங்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டால் மக்களே தீர்ப்பளிப்பார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிரெஸ்னோ கவுன்டியின் கிராண்ட் ஜூரிக்கும் இந்த ஆசை வந்தது. மெக்லாட்சி பத்திரிகை நிறுவனத்தின் வழக்கில் 1988-ல் மாநில உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. ரகசியம் காப்பாற்றப்படும் என்று நம்பித்தான் சாட்சி வாய் திறக்கிறார். அந்த நம்பிக்கை போனால் அடுத்த ஜூரி முன் எவரும் பேசமாட்டார். பிற்பாடு சட்டமன்றம் 929-ஆம் பிரிவில் கதவைச் சற்றே திறந்தது. கவுன்டி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அனுமதித்தால், தகவல் கொடுத்தவரின் அடையாளம் தெரியாதபடி, சில ஆதாரங்களை வெளியிடலாம்.

நீதிபதி அறிக்கையைத் தணிக்கை செய்வாரோ என்ற பயம் வேண்டாம். 1973-ஆம் ஆண்டு கிராண்ட் ஜூரி ஒன்றின் அறிக்கை குறித்த வழக்கில், 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. சட்ட வரம்பை மீறிய அறிக்கையை நீதிபதி ஏற்க மறுக்கலாம். உள்ளடக்கம் பிடிக்கவில்லை, முடிவு தவறு என்று அவர் நினைக்கிறார் என்பதற்காக மறுக்க முடியாது.

கூட்டாட்சி ஜூரிகளின் நிலை இதைவிட இறுக்கம். கொலராடோவில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் பாகங்கள் செய்த ராக்கி ஃபிளாட்ஸ் ஆலையை 1989-ல் எஃப்பிஐ சோதனையிட்டது. டென்வரில் அமர்ந்த சிறப்பு கிராண்ட் ஜூரி இரண்டரை ஆண்டுக்கு மேல் சாட்சியம் கேட்டது. கடைசியில் அரசுத் தரப்பு, ஆலையை நடத்திய ராக்வெல் நிறுவனத்தோடு 1.85 கோடி டாலர் அபராதத்தில் உடன்பாடு செய்துகொண்டது. கொதித்துப்போன ஜூரி தானே ஓர் அறிக்கை எழுதியது. நீதிபதி அதை முழுதாக வெளியிட மறுத்தார். 1993-ல் பல பகுதிகள் மறைக்கப்பட்டே வந்தது. பேச அனுமதி கேட்டு ஜூரர்கள் பிறகு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். அவர்கள்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அவர்கள் நிலைமை உங்களுக்கில்லை. உங்கள் அறிக்கை சட்டப்படியே மக்கள் கைக்குப் போகும்.

வெளியாவதற்கு முன் சம்பந்தப்பட்ட அமைப்புக்கு அதன் பகுதி மட்டும் முன்கூட்டியே தரப்படும். அவர்களும் அதுவரை வாயைக் கட்ட வேண்டும். 2022-ல் சான்டா கிளாரா நகர மன்றத்துக்கும் ஃபார்ட்டிநைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் உள்ள உறவைக் கடுமையாகச் சாடிய அறிக்கை, வெளியாகும் முன்பே கசிந்தது. கசியவிட்டதற்காகவும், அதுபற்றிய விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காகவும் நகர மன்ற உறுப்பினர் ஆந்தனி பெக்கர் 2024 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானது. ரகசியமெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான் என்று உங்கள் அறையில் எவராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

பரிந்துரையை அவர்கள் நிறைவேற்றியே ஆக வேண்டுமா? இல்லை. பதில் சொல்லியே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்டி அதிகாரிக்கு 60 நாள், நிர்வாகக் குழுவுக்கு 90 நாள். முடிவு ஒவ்வொன்றையும் ஏற்கிறோம் என்றோ, காரணத்தோடு ஏற்கவில்லை என்றோ சொல்ல வேண்டும். பரிந்துரைக்கு நான்கே விடைகள்: செய்துவிட்டோம், இந்தக் காலத்துக்குள் செய்வோம், 6 மாதத்துக்கு மிகாமல் ஆராய்ந்து சொல்வோம், இன்ன காரணத்தால் செய்யமாட்டோம். நழுவப் பார்ப்பவர்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் ஜூரியின் எழுத்துதான். ‘நகராட்சி ஒப்பந்த மேற்பார்வையில் அலட்சியமாக இருக்கிறது’ என்று எழுதினால், ‘ஏற்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். ‘பார்த்த 12 ஒப்பந்தங்களில் 7-ல், வேலை முடிந்ததற்கான பொறியாளர் கையொப்பம் இல்லாமலே கடைசித் தவணை கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள் (எண்கள் கற்பனை). இதை மறுக்க அவர்கள் அந்த ஏழு கையொப்பங்களையும் காட்ட வேண்டும். பரிந்துரையிலும் எந்த அலுவலகம், எந்த வேலையை, எந்தத் தேதிக்குள் என்று போடுங்கள். பொறியாளருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊர்க் கமிஷனோடு ஒப்பிட்டது நல்ல கேள்வி. 1952-ஆம் ஆண்டு விசாரணைக் கமிஷன் சட்டத்தின்கீழ் அமையும் கமிஷனுக்கு சிவில் நீதிமன்றத்தின் சம்மன் அதிகாரம் நேரடியாக உண்டு. பெயர் சொல்லியும் எழுதும். அப்படிப் பெயர் கெடக்கூடியவருக்கு 8பி பிரிவின்படி தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதை நியமிப்பதே அரசு. எதை விசாரிப்பது என்று வரையறுப்பதும் அரசு. அறிக்கையை 6 மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அலமாரியில் தூங்கிய அறிக்கைகளை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே விசாரணைப் பொருளை ஜூரியே தேர்ந்தெடுக்கிறது, எந்த அரசிடமும் அனுமதி கேட்பதில்லை. சம்மனில் குறைந்த பலம், சுதந்திரத்தில் கூடிய பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி. ஜூன் 30-ஓடு உங்கள் பதவிக்காலம் முடிகிறது. அறிக்கைக்கான பதில் வரும்போது பெரும்பாலும் நீங்கள் ஜூரியில் இருக்கமாட்டீர்கள். அதைப் பார்க்கப்போவது அடுத்த ஜூரி. சம்மதித்தால் 10 பேர் வரை இரண்டாம் ஆண்டும் தொடர நீதிமன்றம் அனுமதிக்கலாம், அதைக் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சாதாரணக் குடிமகனாக, வெளிவந்த அறிக்கையைப் பற்றி எங்கும் எழுதலாம், பேசலாம். அறிக்கையில் இல்லாத சாட்சியம், அறையில் நடந்த பேச்சு, வாக்கு ஆகியவற்றைப் பதவி முடிந்த பிறகும் சொல்லக்கூடாது. நகர மன்றம் பதிலை விவாதிக்கும் நாளில் போய் உட்காருங்கள். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும், அறிக்கையின் பக்க எண்ணையும் பரிந்துரை எண்ணையும் சொல்லி, அது எந்தத் தேதியில் நிறைவேறும் என்று கேளுங்கள்.